தேடினால் வராத மயில்

போன வாரம் கணக்குப் பரீட்சையில் நிலாவுக்குப் பூஜ்யம். அம்மா சரண்யா அதற்குப் பிறகு அவளோடு சரியாகப் பேசவே இல்லை. இன்று சனிக்கிழமை. அம்மா வேலை செய்யும் பட்டுப்புடவைக் கடையில் உட்கார்ந்து நிலா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டதைவிட வேடிக்கை பார்த்ததுதான் அதிகம்.

அம்மாவுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. ஒவ்வொரு புடவைக்கும் நம்பர் கொடுத்து, என்ன நிறம், பார்டரில் மயிலா அன்னமா என்று விவரம் எழுதி வைப்பாள். ஒரு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.

கடைக்கு சாஃப்ட்வேர் செய்துகொடுத்த ஜெயப்ரியா அக்கா இன்று புதிதாக ஒரு வசதி சேர்த்தார். 'மயில்' என்று தட்டினால் போதும், மயில் போட்ட புடவையெல்லாம் வரிசையாக வந்துவிடுமாம்.

முதலாளி தனசேகரன் ஆசையாக 'மயில்' என்று தட்டினார். ஒன்றுமே வரவில்லை. அன்னமும் வரவில்லை.

"என் கம்ப்யூட்டர்ல நல்லா வந்துச்சுங்க. இங்க விவரம் எழுதினதுல எதுனா தப்பு இருக்கும்," என்றார் அக்கா.

முதலாளியின் முகம் மாறியது. எல்லாவற்றையும் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி எழுதச் சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கண் கலங்கியது. நிலாவுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

அம்மாவா தப்பாக எழுதுவாள்? நிலா எழுந்து போய், மேஜைமேல் கிடந்த ஒரு மயில் புடவையின் நம்பரைத் தட்டினாள். உடனே விவரம் வந்தது. பச்சைப் புடவை, அரக்கு பார்டர், மயில். எல்லாம் சரியாகவே இருந்தது. அப்படியென்றால் தேடும்போது மட்டும் ஏன் வரவில்லை?

அவளுக்கு வீட்டுத் தறி ஞாபகம் வந்தது. அப்பா எந்தத் தறியில் உட்கார்ந்தாலும் முதலில் தலையைத் தூக்கி மேலே பார்ப்பார். மயிலும் பூவும் விழுவதற்கு மேலே ஜக்கார்டு பெட்டி மாட்டியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டாலும் தறி ஓடும், புடவை வரும். மயில்தான் வராது.

"அக்கா, தேடறதுக்குன்னு இதுல தனியா எதுனா மாட்டணுமா?" என்று கேட்டாள்.

அக்கா சட்டென்று நிமிர்ந்தார். "ஆமா நிலா. அது தனிப் பகுதி. வேணும்னாதான் போடுவோம். என்னுதுல இருக்குது."

"இதுல இருக்குதான்னு எப்படிப் பாக்கறது?"

"கம்ப்யூட்டரையே கேக்கலாம். இருந்தா ஒண்ணுன்னு சொல்லும், இல்லன்னா பூஜ்யம்."

அக்கா ஒரே ஒரு வரி தட்டினார். எல்லோரும் திரையை எட்டிப் பார்த்தார்கள். பூஜ்யம்.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். போன வருஷம் சாஃப்ட்வேர் போட வந்தபோது, தேவையில்லாததையெல்லாம் போட்டு இடத்தை அடைக்காதே என்று முதலாளிதான் சொல்லியிருந்தார். அக்காவும் அந்தப் பகுதியை விட்டுவிட்டார். இப்போது முதலாளி மேலே சுற்றும் ஃபேனை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

அக்கா உடனே அந்தப் பகுதியைச் சேர்த்தார். மறுபடி 'மயில்' என்று தட்டியதும் திரை நிறையப் புடவைகள் வந்தன.

"நீ சரியாத்தான் எழுதிகினு வந்திருக்கம்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்," என்றார் முதலாளி.

வீட்டுக்குப் போகும்போது அம்மா நிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு பூஜ்யம் என்னக் காப்பாத்திச்சு. அதனால உன் பூஜ்யத்த மன்னிச்சுட்டேன், போ."

இதுதான் நல்ல நேரம் என்று நிலா ஒரு ஐஸ்கிரீமும் கேட்டாள். கிடைத்தது.