முன்னே போன அம்பு

வண்டி திரும்புவதற்கு முன்பே அம்பு திரும்பியது.

முதலில் கவனித்தபோது தூக்கக் கலக்கம் என்றுதான் ரவேகா நினைத்தாள். இத்தாலியிலிருந்து கிளம்பி இரவெல்லாம் ஓட்டம். ஹங்கேரி எல்லையைத் தாண்டி ருமேனியாவுக்குள் நுழைந்து, பொழுது விடிந்த பிறகும் கண் எரிந்துகொண்டிருந்தது. டேப்லெட் மகள் மிருனாவுடையது, ரோஸ் நிற ரப்பர் உறை போட்டது. அவள் பின் சீட்டில் தூங்கிப்போனதும், கார் ஓட்டிய கணவன் ஜெலு அதை எடுத்து முன்கண்ணாடியில் ஒட்டிய பிடியில் மாட்டி வழிகாட்ட விட்டிருந்தான். திரையில் ஒரு நீலக் கோடு, கோட்டின் மேல் வெள்ளை அம்பு. அந்த அம்புதான் அவர்களுடைய கார். கார் வளைவை எட்டும்போது அம்பு வளைந்து முடித்திருந்தது.

"இது நமக்கு முன்னாடி போகுது, ஜெலு."

"உங்க அக்காளுக்கு அவசரம். அவ பன்னிக்கு அதைவிட அவசரம். டேப்லெட்டுக்கும் பசிக்குதோ என்னவோ."

அன்று இக்நாத் திருநாள். கிறிஸ்துமஸ் விருந்துக்காக வீட்டுக்கு வீடு பன்றி அடிக்கும் நாள். அக்கா நஸ்தா இந்த மலைக்குள் வாக்கப்பட்டுப் போன பிறகு அவர்கள் அவள் வீட்டுக்கு வருவது இதுதான் முதல்முறை. அவள் புருஷனுக்குக் கை ஒடிந்து மாவுக்கட்டு போட்டிருந்தது. ஜெலு வரும்வரை பன்றியைத் தொடமாட்டோம் என்று நஸ்தா போனில் சொல்லியிருந்தாள். வழியெல்லாம் ஜெலுவுக்கு அதே பேச்சு. கத்தி எங்கே இறங்க வேண்டும், எவ்வளவு சாய்க்க வேண்டும், தன் கைக்குப் பன்றி முனகக்கூட முனகாது என்று.

பெரிய சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பச் சொன்னதோடு டேப்லெட்டின் பெண் குரல் நின்றுவிட்டது. சிக்னல் போனது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருந்ததால் நீலக் கோடு மட்டும் இருந்தது. சாலையின் இரு புறமும் ஈரம் சொட்டும் பீச் காட்டு மரங்கள். அவற்றுக்கு நடுவே பால் கொதித்துப் பொங்குவதுபோல மூடுபனி இறங்கி, மரங்களைத் தின்று, வேலியைத் தின்று, கடைசியில் காரின் மூக்கைக்கூட மங்கலாக்கியது. வைப்பர் ஓட ஓடக் கண்ணாடி வெளுத்தது. அம்பு இப்போது ஒரு வளைவு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

ஜெலு அதற்குப் போட்டியாக வேகத்தைக் கூட்டினான். அம்பும் வேகமெடுத்தது.

பனி படிந்த கண்ணாடியைத் துடைக்க ரவேகா ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினாள். வைக்கோல் புகை வந்தது. கூடவே ரோமம் கருகும் வாசனை, அதற்கடியில் சூடான இரத்தத்தின் இரும்பு வாடை. அடித்த பன்றியை வைக்கோல் போட்டுப் பொசுக்குவதால் இந்த நாளில் இந்த நாட்டில் எங்கும் வரும் வாசனைதான். பிறகு சத்தம் வந்தது. மிருனா விழித்துக்கொண்டு, பன்னி கத்துது என்றாள். ஜெலு சிரித்தான். ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது, பார்த்தாயா என்றான்.

பன்றி கத்தும். கத்தி இறங்கியதும் அந்தக் கத்தல் உடைந்து, குமிழியிட்டு, அடங்கும். அதற்கு ஓர் அளவு உண்டு. இது அடங்கவில்லை. சாலை ஒரு குன்றைச் சுற்றி இறங்கி, ஓடைப் பாலத்தைக் கடந்து, மறுபடி ஏறியது. சத்தம் அதே தூரத்தில், அதே குரலில், மூச்சு வாங்காமல் வந்துகொண்டேயிருந்தது. ரவேகா தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவளால் அவ்வளவு நேரம் பிடிக்க முடியவில்லை. அது பிடித்தது.

திரும்பிவிடலாம் என்றாள். திருப்ப இடமில்லை என்றான். நிறுத்தச் சொன்னாள். பின்னால் லாரி வந்து ஏறினால் மூன்று பேரும் கூழ் என்றான். அவள் கையை நீட்டி டேப்லெட்டைப் பிடியிலிருந்து பிடுங்கினாள். ஜெலு புறங்கையால் அவள் மணிக்கட்டில் அடித்தான். எலும்பில் பட்டது. டேப்லெட் அவள் மடியில் விழுந்தது.

"உனக்கு வழி தெரியுமா? தெரியாதுல்ல. அப்ப பொத்திக்கிட்டு உக்காரு."

அவள் திரையைப் பார்த்தாள். நீலக் கோடு முடிந்திருந்தது. அதன் முனையில் அம்பு நின்றிருந்தது. அசையவில்லை. அவர்கள் வரட்டும் என்று நின்றதுபோல இருந்தது.

பனிக்குள்ளிருந்து ஒரு கேட் வந்தது. இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தன. ஜெலு முற்றத்துக்குள் ஓட்டி இன்ஜினை அணைத்தான்.

கத்தல் அந்தக் கணமே நின்றது.

முற்றத்தில் ஐந்தாறு ஆண்கள். ரப்பர் பூட்ஸ், ஏப்ரன். பலகைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். வைக்கோல் குவியல் காய்ந்து, பொன்னாக இருந்தது. எனாமல் பேசின், கொதிக்கும் அண்டா, மேசையில் ரொட்டி, கண்ணாடிக் குவளைகள். எல்லாம் கழுவித் துடைத்துத் தயாராக இருந்தன. பன்றி மட்டும் இல்லை.

ஜெலு சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நஸ்தாவைக் காணோம், வழி கேட்டுவிட்டு வருகிறேன் என்று இறங்கினான்.

சிவந்த முகமும் பெரிய மீசையுமாக ஒருவன் அவன் கையில் பிளம் சாராயம் கொடுத்தான். ஜெலு ஒரே மடக்கில் குடித்தான். எங்கிருந்து, எப்போது கிளம்பினீர்கள், பாதை எப்படி என்று விசாரித்தார்கள். ஜெலு ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் அவன் தோளைப் பிடித்துப் பார்த்தான். இன்னொருவன் தொடையை. ஜெலு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள வந்தாச்சு," என்றான் மீசைக்காரன். "பிடிங்கடா."

ஆளுக்கு ஒரு கால். ஆளுக்கு ஒரு கை. பழகிய கைகள். பலகையில் மல்லாத்திய பிறகும் ஜெலு விளையாட்டென்றுதான் நினைத்தான். டேய், டேய் என்றான். ஒரு முழங்கால் அவன் மார்பில் ஏறியது.

ரவேகா பின்பக்கம் திரும்பித் தன் சால்வையை மிருனாவின் தலைமேல் போட்டாள். கண்ணை மூடு, காதைப் பொத்து, பாடு என்றாள். குழந்தை பாட ஆரம்பித்தது.

கத்தி இறங்கியது.

அவன் சொன்ன அதே இடத்தில். அதே சாய்வில்.

பேசின் நிறைந்தது. வேறு பேசின் வைத்தார்கள். அதுவும் நிறைந்தது. ஜெலு கத்தினான். ஜன்னல் வழியாக இவ்வளவு நேரம் கேட்ட அதே குரல். மூச்சு வாங்காமல்.

மறுபடி குத்தினார்கள். பிடித்திருந்தவர்களின் கை வழுக்கியது. மறுபடி. ஒருவன் கோடரியைத் திருப்பிப் பிடித்து அதன் பின்பக்கத்தால் நெற்றியில் அடித்தான். மட்டைத் தேங்காய் விழுந்த சத்தம். ஜெலுவின் கண்கள் மூடவில்லை. அவளையே பார்த்தன.

மீசைக்காரன் காரிடம் வந்தான். கத்தியை ஏப்ரனில் துடைத்துக்கொண்டான். விரல் முட்டியால் கண்ணாடியை மெல்லத் தட்டினான்.

"தங்கச்சி, நீ இரக்கப்படாத."

அவள் கதவின் கைப்பிடியைப் பற்றினாள்.

"இரக்கப்படுறவங்க பக்கத்துல இருந்தா உசுரு போகாது. உனக்குத் தெரியாததா?" குரலில் கோபமே இல்லை. "நாங்க பொல்லாதவங்க இல்லம்மா. பாவம், எவ்வளவு நேரந்தான் தவிக்கும். நீ விட்டாத்தான் போகும்."

தெரியும். இந்த நாட்டில் யாருக்குத்தான் தெரியாது. மனம் இளகியவர்களைப் பன்றி அடிக்கும் முற்றத்தில் நிற்க விடமாட்டார்கள். இளகினால் அது சாகாது.

அவள் கதவைத் திறந்தாள். விழுந்தாள். எழுந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள், சாவு வீட்டில் விடுவதுபோல.

மணிக்கட்டு வலித்தது. அந்த வலியைப் பற்றிக்கொண்டு அவனை வெறுக்கப் பார்த்தாள். பொத்திக்கிட்டு உக்காரு. அதை உள்ளே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒரு நொடி வெறுப்பு வந்தது. ஜெலுவின் கத்தல் தாழ்ந்தது. இமை சரிந்தது.

அவன் காதுமடல் குளிரில் சிவந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டாள்.

கத்தல் மறுபடி எழுந்தது.

மீசைக்காரன் பெருமூச்சு விட்டான். வைக்கோலைக் கொண்டுவரச் சொன்னான். வேண்டாம் என்றாள். அவன் காலைப் பிடித்தாள். அவன் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான், வலிக்காமல். கவையால் வைக்கோலைப் பரப்பினார்கள். மூடினார்கள். பற்றவைத்தார்கள்.

நெருப்பு சீக்கிரம் பிடித்தது.

சத்தம் நிற்கவில்லை. நெருப்புக்குள்ளும் நிற்கவில்லை. பிறகு தொண்டை போயிருக்க வேண்டும். சீறல் மட்டும் மிஞ்சியது.

சாம்பலைத் தள்ளி வெந்நீர் ஊற்றினார்கள். தடித்த கம்பளியை எடுத்து மேலே போர்த்தினார்கள், தோல் பதமாக. தலையிலிருந்து கால்வரை. ஆவி எழுந்தது.

ஒருவன் காரின் பின்கதவைத் திறந்தான். "பாப்பா, வா."

வழக்கம் அது. போர்த்திய பன்றிமேல் குழந்தைகளை ஏற்றி உட்கார வைப்பது. ஆண்டு முழுக்க நோய் அண்டாது. எல்லாக் குழந்தைக்கும் பிடிக்கும்.

ரவேகா எழ முயன்றாள். இரத்தச் சேற்றில் வழுக்கி மறுபடி விழுந்தாள்.

மிருனா சால்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். முடி கலைந்திருந்தது. அவளைக் கக்கத்தில் தூக்கி வந்து கம்பளியின் மேல் வைத்தார்கள். கால்களை இரு பக்கமும் போட்டுக்கொண்டாள். கைகளால் தட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இங்க பாரு. சூடா இருக்கு."

ஆண்கள் கை தட்டினார்கள்.

"அம்மா, இது இன்னும் மூச்சு விடுது."

கம்பளி எழுந்தது. தாழ்ந்தது. அதோடு மிருனாவும் எழுந்தாள், தாழ்ந்தாள். ஊஞ்சல்போல. சிரித்தாள்.

இரக்கப்படாதே என்று ரவேகா தனக்குச் சொல்லிக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். மண்ணை அள்ளி வாயில் திணித்துக்கொண்டாள்.

கம்பளி எழுந்தது.