பிறைக்கள்ளனின் கூடை

பெருநாள் பிறை பார்க்க இன்னும் சரியாக இருநூற்று அறுபத்து நான்கு மணித்தியாலங்கள் இருந்தன. பதினெட்டாம் நோம்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டுக்கொண்டிருக்க, அஸ்னா சாய்ந்தமருதில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கையிலிருந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, ஓர் அட்டைப் பெட்டியைக் கைக்குழந்தையைப் போல் அணைத்தபடி கடற்கரைப் பக்கமாக நடந்தாள்.

அவளுடைய அண்ணன் றாஸிக் காக்கா கத்தாரில் இருந்தான். வீட்டில் மதினி முஸ்பிறாவும் ஐந்து வயது மகள் ஹிக்மாவும் மட்டும்தான். நோம்பு முடியும்வரை துணைக்கு இருக்கட்டும் என்று வாப்பா பொத்துவிலிலிருந்து அனுப்பியிருந்தார். விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவளுக்குக் கல்முனையில் ஒரு டியூட்டரியில் காலை வகுப்பும் கிடைத்திருந்தது. ஆனால் அவள் வந்ததற்குக் காரணம் வேறு. காக்காவின் வீட்டுப் பின்பக்கத்தில் ஜன்னலே இல்லாத ஒரு சாமான் அறை இருந்தது.

"பெட்டிக்குள்ள என்ன புள்ள?" கஞ்சிக் கோப்பையை நீட்டிக்கொண்டே முஸ்பிறா கேட்டாள்.

"ஆக்கள், மதினி."

"ஆக்களா! நோம்பு மாசத்துல ஷைத்தானையெல்லாம் கட்டிப் போட்டிருக்காம். நீ பெட்டியில போட்டுக் கொண்டு வாறியா?"

அஸ்னா சிரித்தாள். அவள் அதிகம் பேசமாட்டாள். பெட்டியைத் திறந்து காட்டினாள். துணியால் செய்த ஆறு பிள்ளைகள், ஒரு சாண் உயரம். அவர்களுக்கு அடியில் பிறைக்கள்ளன் படுத்திருந்தான். கம்பியால் கட்டிய நீண்ட கை கால்கள், கறுப்புச் சாரன், முதுகில் ஈர்க்கில் கூடை. தலை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தது. அது பொத்துவில் கரையில் அலை ஒதுக்கிப் போட்ட பனங்கொட்டை. கண் வைக்க வேண்டிய இடத்தில் கடலே இரண்டு குழிகளைத் தோண்டி வைத்திருந்தது. அஸ்னா அதில் எதையும் சேர்க்கவில்லை.

ஹிக்மா வீரிட்டுக்கொண்டு உம்மாவின் பின்னால் ஒளிந்தாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டினாள்.

"பயமா இருக்கு மாமி. இன்னொருக்கா காட்டுங்க."

அந்த 'இன்னொருக்கா'வுக்காகத்தான் அஸ்னா இந்தப் படத்தையே எடுக்கிறாள். பெருநாள் என்றால் எல்லோரும் பூவும் வாழ்த்தும் போடுகிறார்கள். ஆனால் இருபத்தொன்பதாம் நோம்பு மாலையில் மொட்டைமாடியில் நின்ற எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பயம் தெரியும். பிறை தெரியாமல் பெருநாள் தள்ளிப் போனால்? வட்டிலப்பத்தில் ஒரு துளி கராம்புக் காரம் இருந்தால்தான் இனிப்பு இனிப்பாக இருக்கும். அதனால் அவள் கதையில் ஒரு கள்ளன் வந்தான். இருபத்தொன்பதாம் மாலையில் பிறையைக் கொக்கத்தடியால் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டு குகைக்கு ஓடிவிடுவான். பிள்ளைகள் போய் அதைத் திருப்பித் திருடி வரவேண்டும். படம் இரண்டே நிமிடம். பெருநாளன்று மாலை மைதானச் சுவரில் காட்டுவதாக விளையாட்டுக் கழகத்தினர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். தான் செய்த எதையும் அஸ்னா அதுவரை நாலு பேருக்கு முன்னால் காட்டியதில்லை.

இரண்டு நிமிடத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது படங்கள் வேண்டும். பொம்மையின் காலை ஓர் அரிசி அளவு நகர்த்த வேண்டும். கையை எடுத்துவிட்டு ஒரு படம். மறுபடி ஓர் அரிசி அளவு, மறுபடி ஒரு படம். பன்னிரண்டு படம் ஓடினால் ஒரு செக்கன். நகர்த்துகிற கை ஒருபோதும் படத்தில் விழக்கூடாது.

சாமான் அறையில் கருவாடும் பூச்சி உருண்டையும் கலந்த வாடை. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று தெரியாத இருட்டு. கடல் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது போல் இரையும். அஸ்னா ஒரு மேசை விளக்கை வைத்தாள். றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகையில் குகை செய்தாள். காக்காவின் பழைய போனை முக்காலித் தாங்கியில் பூட்டி, சார்ஜரிலேயே போட்டு வைத்தாள். அதை ஒரு மயிரளவு அசைத்தாலும் படம் கெட்டுவிடும். படம் எடுக்க ஒரு சிறிய ரிமோட் பட்டன் இருந்தது.

"ஆரும் உள்ள போகக் கூடாது. ஒண்டையும் தொடக் கூடாது," என்று ஹிக்மாவிடம் சொன்னாள். அவளுக்கு எட்டாத உயரத்தில், கதவின் வெளிப்பக்கம் இருந்த கொண்டியையும் போட்டாள். உப்புக்காற்றில் துருப்பிடித்த பழைய கொண்டி. இழுத்தால் அடுப்படிவரை கேட்கும்படி கிறீச்சிடும்.

புதன்கிழமை வகுப்பு முடிந்து வந்து எண்ணிப் பார்த்தாள். கொப்பியில் நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. போனில் நானூற்று முப்பது.

பதினெட்டுப் படம் கூட.

ஓட்டிப் பார்த்தாள். குகை வாசலில் நின்ற பிறைக்கள்ளன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல. ஒன்றரைச் செக்கன்தான். ஆனால் அவள் எடுத்த எல்லாவற்றையும்விட அது நன்றாக இருந்தது. அவளுடைய கள்ளன் நடந்தால் ஒரு காலை இழுத்து நடப்பான். இந்தத் திருப்பத்தில் எந்தத் தடங்கலும் இல்லை.

பயத்துக்கு முன் அவளுக்கு வந்தது சந்தேகம். முஸ்பிறா தையல்காரி. கல்யாண உடுப்புகளுக்கு மணி கோக்கிற விரல்கள் அவளுடையவை. 'உருவம் செய்யிற வேலை சரியில்ல புள்ள' என்று இரண்டு தடவை சொன்னவளும் அவள்தான். குழப்பி விடத்தான் செய்கிறாளா? குழப்புகிறவள் இத்தனை அழகாகவா செய்வாள்?

அடுத்த நாள் காலை வகுப்புக்குப் போகுமுன் கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே ஒரு வெள்ளை நூலை ஒட்டிவிட்டுப் போனாள். நூல் அறுந்தால் ஆள். அறாவிட்டால் வேறு ஏதோ. ஆய்வுகூடத்தில் படித்த முறை இதுதான்.

திரும்பி வந்தபோது நூல் அறுந்து தொங்கியது.

அஸ்னாவுக்கு நிம்மதியாக இருந்தது.

அன்று முப்பத்தாறு படங்கள் கூட இருந்தன. பிறைக்கள்ளன் கூடையை இறக்கி வைத்தான். மூன்று அடி முன்னால் வந்து நின்று பார்த்தான். பின்னால் போய்க் கூடையைத் தூக்கிக்கொண்டான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, முஸ்பிறா சமோசாவுக்கு மா உருட்டிக்கொண்டிருக்கையில், அஸ்னா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மதினி, நான் இல்லாத நேரம் அறைக்குள்ள போறது நீங்களா?"

உருளைக்கட்டை நின்றது. முற்றத்தில் ஹிக்மா பூனையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். முஸ்பிறா அவளை ஒரு தடவை பார்த்தாள்.

"ஓம். நான்தான்," என்றாள். "சும்மா ஆசைக்கு. கோவமா?"

"கோவமா! மதினி, எவ்வளவு வடிவா செஞ்சிருக்கீங்க! படத்துல உங்கட பேரையும் போடுறன்."

"பேரெல்லாம் வேணாம் புள்ள. வேலையப் பாரு." முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் மறுபடி உருட்டத் தொடங்கினாள். வெட்கம் என்று அஸ்னா நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முஸ்பிறா ஹிக்மாவைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, வெட்டிய துண்டுகளை எண்ணிப் பொறுக்கினாள். முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். நகத்தையும் முடியையும் கண்ட இடத்தில் போட்டால் ஆகாது என்பதில் அவள் கண்டிப்பு. அஸ்னா அன்று முழுக்க அறையிலேயே இருந்தாள். ஒரு படமும் கூடவில்லை.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்ததும் போனிலிருந்த படங்களை மடிக்கணினிக்கு மாற்றினாள். அறுபது கூட. ஹிக்மா வந்து மடியில் ஏறிக்கொண்டாள்.

"போடுங்க மாமி."

பிறைக்கள்ளன் குகை வாசலில் நின்றான்.

"இப்ப வெளிய போவாரு பாருங்க," என்றாள் ஹிக்மா.

அவன் வலப்பக்கமாக நடந்து, படத்தின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டான். குகை வெறுமையாக நின்றது. ஒரு செக்கன். இரண்டு செக்கன்.

"இப்ப வருவாரு."

வந்தான். கூடையின் வாயைக் கையால் பொத்தியிருந்தான்.

அஸ்னா அந்தப் படங்களை இப்போதுதான் கணினியில் ஏற்றியிருந்தாள். அவளே இன்னும் பார்த்திருக்கவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும் மகள்?"

ஹிக்மா மடியிலிருந்து வழுக்கி இறங்கி ஓடிவிட்டாள்.

அஸ்னா ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட நேரத்தைத் திறந்து பார்த்தாள். அவளுடைய படங்களுக்கு இடையில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். நகர்த்துவதற்கு அத்தனை நேரம் வேண்டும். கூடுதலான அறுபதும் பத்து மணி பதினேழு நிமிடத்தில் எடுக்கப்பட்டிருந்தன. முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையில் ஐந்து செக்கன்.

பட்டனை விடாமல் அமத்திப் பிடித்தால் போன் அப்படி அடுக்கடுக்காக எடுக்கும். அது சரி.

ஐந்து செக்கனில் அறுபது தடவை பொம்மையை நகர்த்த எந்தக் கையாலும் ஏலாது.

அவள் எழுந்து பின்பக்கம் போனாள். கொண்டி போட்டபடி இருந்தது. இழுத்தாள். கிறீச். விளக்கைப் போட்டாள்.

பொம்மை நிற்க வேண்டுமென்றால் பாதத்தில் குண்டூசி குத்தி றெஜிபோமில் இறக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு துளை விழும். அவள் நடத்திய பாதையில் எறும்புப் புற்றுப் போலத் துளைகள். படத்தில் அவன் வலப்பக்கம் போன பாதையை விரலால் தடவினாள்.

வழவழவென்று இருந்தது.

பிறைக்கள்ளன் குகை வாசலில், அவள் நேற்று விட்ட இடத்திலேயே நின்றான். கூடைக்குள் அவள் வெள்ளித்தாளில் வெட்டிய பிறைகள் ஏழு போட்டிருந்தாள். கூடையை உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

வெள்ளித்தாள் ஒன்றுமில்லை.

மெல்லிய, வெளிறிய, சின்னச் சின்னப் பிறைகள். சிலவற்றில் ஈர மண் ஒட்டியிருந்தது. எண்ணினாள். பத்து.

குழந்தையின் நகங்கள்.

அறையை விட்டு வெளியே வந்து கொண்டியைப் போட்டாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகுதான் கூப்பிட்டாள். "மதினி, ஒருக்கா இஞ்ச வாங்க."

முஸ்பிறா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அஸ்னாவின் உள்ளங்கையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஒரு நொடி அவள் கண்களில் அஸ்னா கண்டது பயமல்ல, சந்தேகம். தன் மேல்.

"என்ட புள்ளட நகத்த நீ என்னத்துக்கு எடுத்த?"

"நான் எடுக்கல்ல மதினி. கூடைக்குள்ள கிடந்திச்சு. நீங்க வச்சதா?"

"நானா? நேத்து நானே தோண்டிப் புதைச்ச."

சுவருக்கு அப்பால் கடல் இரைந்தது.

"மதினி," என்றாள் அஸ்னா. "அந்தப் படமெல்லாம் எடுத்தது நீங்கதானே?"

முஸ்பிறா அறைக் கதவைப் பார்த்தாள்.

"நோம்பு வாயோட பொய் சொல்லிட்டன் புள்ள. நான் அந்த அறைக்குள்ள ஒருநாளும் போனதில்ல. கொண்டிச் சத்தம் கேட்டு வந்து பார்த்தா, இவள் ஹிக்மா உள்ளேயிருந்து வாறாள். நீ ஏசுவாய் எண்டுதான் நான் எண்டு சொன்ன. கதிரையப் போட்டு ஏறித் திறந்திருப்பாள்தானே..."

கதவுப் பக்கம் கதிரை இல்லை. அந்த வீட்டுக் கதிரைகள் எல்லாம் தேக்கு. பெரியவர்களே இழுத்துத்தான் நகர்த்துவார்கள்.

ஹிக்மா பூனையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

முஸ்பிறா அவள் முன் முழந்தாளிட்டாள். "மகள், உம்மா ஏச மாட்டன். மாமிட பொம்மைய நீயா அசைச்ச?"

"இல்ல. மாமி தொடக் கூடாது எண்டாங்க. நான் தொடல்ல. பட்டனத்தான் அமத்தின."

"அப்ப அசைச்சது ஆரு?"

"அவருதான் நடந்த."

"நகம்?"

"பிறை கேட்டாரு. நான் இடத்தக் காட்டின."

முஸ்பிறா பிள்ளையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அஸ்னா கொண்டியை அண்ணாந்து பார்த்தாள். அவளே நுனிக்காலில் நின்றுதான் எட்டுவாள்.

"ஹிக்மா," என்றாள் மெதுவாக. "இவ்வளவு உசரம். நீ எப்படித் திறந்த மகள்?"

ஹிக்மா உம்மாவின் தோளுக்கு மேலால் கதவைப் பார்த்தாள். பெரியவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போலச் சிரித்தாள்.

"எனக்கு எட்டாதே மாமி. நான் வெளிய நிண்டு கூப்பிடுவன். அவருதான் திறந்து விடுற."