கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஓட்டு

நகராட்சி அலுவலகத்தின் மாடிப்படி மிகவும் குறுகல். ஒருவர் ஏறினால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் ஒட்டிக்கொள்ள மறுத்தால்... அன்று மாலை நடந்ததுதான் நடக்கும்.

வெளியே மழை. அவள் கீழிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவன் மேலிருந்து ஒரு சைக்கிள் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். திருப்பத்தில் மோதினார்கள். சக்கரம் அவன் தோளிலிருந்து நழுவி, அவள் கையிலிருந்து விழுந்த மனுவின் மேல் நிதானமாக ஓர் உருள் உருண்டுவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றது.

நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்ட மனு! குறுக்கே மூலைக்கு மூலை, பட்டையாக ஒரு டயர் தடம்.

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியுதே... பாத்துட்டுதானே நின்னேன். சக்கரம்தான் நிக்கல."

"சக்கரத்தை எதுக்குங்க மாடிக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"தூக்கிட்டு வரல, தூக்கிட்டுப் போறேன். சேத்தோட உள்ள வராதே, கழுவிட்டு வான்னு துரத்திட்டாங்க."

"எங்க கடைக்கு வாங்க. கண்ணை செக் பண்ணி விடுறேன்!"

அவள் அப்பா கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். கோபத்திலும் கடைக்கு ஆள் பிடிக்கிற புத்தி போகவில்லை. அவன் சிரித்துவிட்டான். மழைத்துளி இமையில் நிற்க, கண் மட்டும் தனியாகச் சிரிக்கிற ஒரு சிரிப்பு... 'சிரிப்பைப் பாரு' என்று மனதுக்குள் திட்டினாள். திட்டும்போதே அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை நினைத்துப் பார்த்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

மனு வேறொன்றுமில்லை. அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஓர் அறை உடைந்த நாற்காலிகளோடு பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து, வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் உட்கார்ந்து படிக்கிற இடமாக்க வேண்டும். அவள் பகலெல்லாம் கடையில் பிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறாள். வீட்டுக்குப் போனால் அண்ணனின் இரட்டைக் குழந்தைகள். ஒன்று அழுது முடித்தால் மற்றது ஆரம்பிக்கும். கண் பரிசோதனைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. "இந்த வாட்டியும் இல்லேன்னா, பேசாம கடையைப் பாத்துக்கம்மா" என்று அப்பா அன்பாகவே சொல்லிவிட்டார். அன்பாகச் சொன்னதால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை. தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

மாடியில் எழுத்தர் அம்மா கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டயர் தடத்தின் வழியாக மனுவைப் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளியாளு குடுத்தா எடுக்க முடியாதும்மா. அந்த அறைய யாருக்குக் குடுக்கணும்னு நம்ம இளைஞர் மன்றம்தான் தீர்மானம் போடணும். உனக்கு வயசென்ன?"

"இருபத்திரண்டு."

"உங்க தெருவுக்கு ஒரு இடம் காலியா கிடக்கு. இங்க ஒரு கையெழுத்துப் போடு."

"எதுக்கு?"

"போடும்மா. பத்து பேரை வெச்சு நான் பட்டது போதும்."

மனு கொடுக்க வந்தவள் மன்றத்தின் பதினோராவது உறுப்பினர் ஆகிவிட்டாள்! என்ன ஏதென்று புரிவதற்குள் பக்கத்து நாற்காலியில் கழுவின சக்கரத்தோடு ஒருவன் வந்து உட்கார்ந்தான். மன்றக் கூட்டம் ஆரம்பித்தது. எழுத்தர் அம்மா அன்றைய விஷயத்தை வாசித்தார். மாடி அறையில் சைக்கிள் பட்டறை, பழுது பார்க்கப் பயிற்சி... தீர்மானம் கொண்டு வந்தவர், தன் மாமாவின் சைக்கிள் கடையில் வேலை பார்க்கும் மெக்கானிக்.

அதே அறை!

அவள் திரும்பினாள். அவனும் திரும்பினான்.

"பாதிப் பாதியா வெச்சுக்குங்களேன்" என்றார் எழுத்தர் அம்மா.

"முடியாது!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அடுத்த மூன்று வாரத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

செவ்வாய்க்கிழமை தோறும் கூட்டம். செவ்வாய்க்கிழமை தோறும் சண்டை.

"புத்தகத்தை எங்க வேணா வெச்சுப் படிக்கலாம். சைக்கிளை மடியில வெச்சு ரிப்பேர் பண்ண முடியுமா?"

"உங்க சுத்தியல் சத்தத்துல இந்தக் கட்டடமே எழுந்து ஓடிடும்!"

"ஓடட்டும். அதுக்கும் ரெண்டு சக்கரம் மாட்டி விடுறேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் கூட்டம் முடிந்து படி இறங்கும்போது, அதே ஆள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டு, மெதுவாகக் கேட்பான்.

"எக்ஸாம் எப்போ?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

"சும்மா..."

சும்மாவாம்! மேலே எதிரி, கீழே அக்கறை. அந்தப் பத்துப் படியில் மனுஷன் மாறிவிடுவானா? அவள் லென்ஸைப் பிரேமில் தலைகீழாகப் பொருத்திவிட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நான்காவது செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு.

அந்த மன்றத்தில் ஓட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எழுத்தர் அம்மா தீர்மானத்தைச் சொல்வார். வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்க வேண்டும். அவர் நோட்டில் பெயர் வாரியாகக் குறித்துக்கொண்டு எண்ணிக்கையை மட்டும் சொல்வார். யார் யாருக்குப் போட்டார்கள் என்று செத்தாலும் சொல்லமாட்டார்.

"சிநேகிதனுக்குப் பயந்து யாரும் கையத் தூக்கக் கூடாது. அதுக்குத்தான் இது. கண்ணைத் திறந்தவங்க ஓட்டு செல்லாது. சொல்லிட்டேன்... ம், மூடுங்க."

அவள் கண்ணை இறுக்கி மூடினாள். உதடு தானாக முணுமுணுத்தது. ஜன்னலுக்கு வெளியே தூறல் சத்தம் மட்டும் கேட்டது.

"மாடி அறை, படிப்பறையா வேணும்ங்கிறவங்க..."

கையைத் தூக்கினாள். பென்சில் நோட்டில் கிறுகிறுவென்று ஓடுகிறது. எழுத்தர் அம்மா தலைகுனிந்து எழுதிக்கொண்டிருப்பார்... இப்போது அவன் முகம் எப்படி இருக்கும்? ஜெயித்துவிடுவோம் என்று சிரித்துக்கொண்டிருப்பானோ? ஒரே ஒரு நொடி...

திறந்தாள்.

அவன் கண் மூடியிருந்தது. கை... கை தூக்கியிருந்தது!

சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். தன் தீர்மானத்தைத் தானே தோற்கடிக்கிற ஆள் உலகத்தில் உண்டா?

"படிப்பறைக்கு ஆறு, பட்டறைக்கு அஞ்சு. கண்ணைத் திறக்கலாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவனும் தட்டினான். அவளுக்கு மட்டும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் கை மறுபக்கம் போயிருந்தால் அறை அவனுக்கு! ஏன் இப்படிச் செய்தான்? பாவம் என்று பிச்சை போட்டானா? இரண்டு முறை தோற்றவள் என்று யாராவது சொல்லியிருப்பார்களோ? கேட்கலாம் என்றால் எப்படிக் கேட்பது? 'நீங்க கை தூக்கினதைப் பாத்தேன்' என்றால், 'எப்படிப் பாத்தீங்க?' என்பான். அத்தோடு ஓட்டும் போய்விடும், அறையும் போய்விடும்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள், ஒரு கோளாறும் இல்லாத சைக்கிளை உருட்டிக்கொண்டு அவன் கடைக்குப் போனாள்.

அவன் பிரேக்கை அழுத்திப் பார்த்தான். செயினைச் சுற்றிப் பார்த்தான். பெல்லை அடித்துப் பார்த்தான்.

"எல்லாம் சரியா இருக்கே... என்ன கம்ப்ளைண்ட்?"

"ஏதோ சத்தம் வருது."

"எங்கேருந்து?"

"அது தெரிஞ்சா நான் ஏங்க உங்ககிட்ட வர்றேன்?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு, சைக்கிளை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கத் தெருவுக்குப் போனான். கடைக்குள் அவன் அக்கா உட்கார்ந்து டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கால் மெலிந்து, பக்கத்தில் ஊன்றுகோல். தலைக்கு மேலே விட்டத்தில், மூன்று சக்கரத்துக்கு இடம் விட்ட இரும்புச் சட்டம் ஒன்று அரைகுறையாகத் தொங்கியது.

"என்னக்கா அது?"

"எனக்குத்தான். கையால சுத்தி ஓட்டுற வண்டி. ரெண்டு வருஷமா செய்யறான். கீழ இறக்கி வெச்சா கடையில காலு வைக்க இடமில்ல. மாமா சத்தம் போடுவார், திரும்பவும் மேல ஏறிடும்." அவள் சிரித்தாள். "அந்த மாடி அறை கிடைச்சிருந்தா ஒரு மாசத்துல முடிச்சிருப்பான். யாரோ ஒரு பொண்ணு பேசியே ஜெயிச்சிட்டாளாம். நல்லாப் பேசுவாளாம். வீட்டுல ஒரே அவ பேச்சுதான்..."

கேட்டுக்கொண்டிருந்தவள் அந்தச் சட்டத்தையே நிமிர்ந்து பார்த்தாள். அவன் திரும்பி வந்து, "சத்தமே வரலியே" என்றான். அவள் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு வரி படிக்க ஓடவில்லை. அந்த அறை அவளுக்கு வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. வாயைத் திறக்காவிட்டால் அறை அவளுடையது. திறந்தால் போய்விடும். ஆனால் கண்ணை மூடினால் போதும், அந்த இரும்புச் சட்டம் தலைக்கு மேலே வந்து தொங்கியது.

கூட்டம் ஆரம்பித்ததும் எழுந்து நின்றாள்.

"அம்மா... போன வாரம் ஓட்டுப் போடும்போது நான் கண்ணைத் திறந்துட்டேன்."

எழுத்தர் அம்மா பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவினார்.

"தெரிஞ்சுதான் சொல்றியா? ஒரு ஓட்டுப் போனா அஞ்சுக்கு அஞ்சு. திரும்ப ஓட்டெடுக்கணும்."

"தெரியும்மா."

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. அவன் எழுந்து நின்றான். அசடு வழிந்தது முகத்தில்.

"நானும் திறந்தேன்மா."

"நீயுமா?" எழுத்தர் அம்மா நோட்டைப் புரட்டினார். விரலால் இரண்டு பெயரைத் தடவினார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ வந்து போனது. "ரெண்டு ஓட்டும் செல்லாது. ரெண்டுமே... ஒரே பக்கத்து ஓட்டு. படிப்பறைக்கு நாலு, பட்டறைக்கு அஞ்சு. மாடி அறை பட்டறைக்கு. தீர்மானம் முடிஞ்சுது."

யாரோ விசில் அடித்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா, எது முதலில் வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே மழை கொட்டியது. படித் திருப்பத்தில், அன்று சக்கரம் சாய்ந்த அதே சுவரில் சாய்ந்து நின்றாள்.

பின்னாலேயே தடதடவென்று இறங்கி வந்தான்.

"ஏங்க சொன்னீங்க? இனி எக்ஸாமுக்கு எங்க உக்காந்து படிப்பீங்க?"

"நீங்க ஏன் எனக்குப் போட்டீங்க? அதை முதல்ல சொல்லுங்க. பாவப்பட்டா?"

"பாவமா? உங்களைப் பாத்தா யாருக்குங்க பாவம் வரும்? பயம்தான் வரும்."

"விளையாடாதீங்க!"

அவன் ஈரச் சுவரை நகத்தால் சுரண்டினான்.

"எனக்குத்தான் போட்டுக்கலாம்னு வந்தேன். சத்தியமா... அந்தம்மா கண்ணை மூடச் சொன்னாங்களா, நான் மட்டும் லேசா திறந்தேன். மத்த நேரம் நான் பாத்தா நீங்க முறைப்பீங்க. கண்ணை மூடியிருக்கறப்போ ஒரு தடவை நல்லா பாத்துக்கலாமேன்னு... நீங்க கண்ணை இறுக்கி மூடிட்டு, ஸ்கூல் பிள்ளை மாதிரி ஏதோ முணுமுணுத்துட்டு இருந்தீங்க. அப்புறம் கை எப்படி மேல போச்சுன்னு எனக்கே தெரியல. அக்காகிட்ட என்ன சொல்றதுன்னு ஒரு வாரமா தூக்கமில்ல."

மழைச் சத்தத்தில் அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது அவனுக்குக் கேட்காமல் இருந்தால் சரி.

"அறை... உங்களுக்குத்தான் இப்ப" என்றாள்.

"பட்டறைன்னுதான் தீர்மானம். எத்தனை மணி வரைக்கும்னு தீர்மானத்துல இல்லியே. அஞ்சரைக்குச் சுத்தியலைக் கீழ வெச்சிடுவேன். ஆறு மணிக்குக் கூட்டிப் பெருக்கி மேஜை போட்டுடறேன். கொஞ்சம் கிரீஸ் வாடை வரும், பொறுத்துப்பீங்களா?"

"அன்னிக்குப் பாதிப் பாதின்னதுக்கு முடியாதுன்னு கத்தினீங்களே!"

"நீங்க மட்டும்?"

இருவரும் சிரித்தார்கள்.

"நான் சொல்லிட்டேன்" என்றான் அவன். "நீங்க எதுக்குக் கண்ணைத் திறந்தீங்க?"

அவள் முகம் சூடானது. எதிரியின் முகத்தைப் பார்க்க என்று சொல்லலாம். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. நான்கு வாரக் குழப்பம் முழுக்க நாக்கு நுனியில் வந்து நின்றது.

"கண்ணை மூடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"ஓட்டெடுப்பு. மூடுங்கன்னா..."

மூடினான். அவளும் மூடிக்கொண்டாள்.

"இந்தக் கண்ணாடிக்கடைப் பொண்ணுக்கு, அந்தச் சைக்கிள் மெக்கானிக்கைப் பிடிச்சிருக்கு... அவருக்கும் பிடிச்சிருக்குன்னா, கையத் தூக்கலாம்."

மழை மட்டும் பெய்தது. ஒன்று... இரண்டு... மூன்று எண்ணுவதற்குள் பொறுமை போயிற்று. திறந்தாள்.

அவன் கை உயர்ந்திருந்தது. கண்ணும் அகலமாகத் திறந்திருந்தது. அன்று படியில் பார்த்த அதே கண், அதே சிரிப்பு.

"ரெண்டு பேருமே திறந்துட்டோமே" என்றான் கவலையாக. "இதுவும் செல்லாதா?"

அவள் எட்டி, உயர்ந்திருந்த அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். விடவில்லை.

"இது செல்லும்" என்றாள்.