ஒரே சந்தாவில் இருவர்

பொம்மிடியிலிருந்து அரூர் போகும் பஸ். ஜன்னலில் தூறல்... கலைமதி இயர்போனைச் செருகிக்கொண்டு ஒலிப்புத்தகத்தைத் தட்டினாள். நேற்று எட்டாம் அத்தியாயத்தில் நிறுத்தியது, இன்று பதின்மூன்றில் தொடங்கியது! நாயகிக்குக் கல்யாணமே முடிந்திருந்தது. ஐயோ... தாலி கட்டியது யார்?

ஒரு வாரமாக இதே கூத்து. ஆப் கோளாறு என்றே நினைத்திருந்தாள். சட்டென்று கதை நின்றது. ‘உங்கள் கணக்கு வேறொரு போனில் ஓடுகிறது’ என்றது திரை. அதே நொடி, முன் சீட்டுக்காரனின் போனிலிருந்து அதே கதை சத்தமாகக் கிளம்பியது!

“ஏங்க! இந்த பாஸ்வேர்டு உங்களுக்கு யாரு குடுத்தது?”

அவன் திரும்பினான். இமையில் ஒரு மழைத்துளி... அவளுக்குக் கோபமே ஒரு கணம் மறந்துபோனது.

“பானுமதி. எங்க அக்காங்க.”

“என்கூட மருந்துக்கடையில வேல பாக்குற பானு அக்காவா? எனக்கும் அவங்கதான் குடுத்தாங்க!”

“அப்ப தினமும் என்னைப் பின்னாடி இழுத்து வுடறது நீங்கதானா?” சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் அவளைச் சீண்டியது. “கதை கேக்கணும்னா சொந்தமா சந்தா கட்டிக் கேளுங்க. ஓசியில கேட்டுட்டு சிரிப்பு வேற!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவன் முகம் சுண்டிப்போனது. தானும் ஓசியில்தான் கேட்கிறோம் என்பது, அவன் இறங்கிப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் அவன் அந்த பஸ்ஸில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

“என் தம்பி பிரபாகர் தனியா சந்தா கட்டிட்டான்டி. உன்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதாம். அடுத்த பஸ்ஸுலதான் போறான்” என்றாள் பானுமதி.

கதை இப்போது விட்ட இடத்திலேயே காத்திருந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. வீம்பை மூட்டை கட்டிவிட்டு, மறுநாள் தன் பஸ்ஸை வேண்டுமென்றே விட்டாள்.

அடுத்த பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் காத்திருந்தபோது பிரபாகர் நனைந்தபடி வந்தான். “பஸ்ஸ வுட்டுட்டீங்களா?”

“உங்களுக்காகத்தான். அன்னிக்குப் பேசுனது தப்புங்க... மன்னிச்சுக்கோங்க.”

“கதை இப்ப ஒழுங்கா ஓடுதுங்களா?”

“ஓடுது. நீங்க எங்க நிறுத்தியிருக்கீங்கன்னுதான் தெரிய மாட்டேங்குது. மறுபடியும் எங்க கணக்குக்கே வந்துடுங்களேன்...”

“முடிவு முன்னாடியே தெரிஞ்சுடுமே?”

“தெரியட்டும். எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க.” சொல்லிவிட்டுக் கண்களைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனக்கும்தாங்க” என்றான் மெல்ல. “அத சொல்லத் தைரியம் இல்லாமத்தான் வேற பஸ்ல போனேன்.”