மூடாத வேலி

காலை எட்டு மணிக்கு, நாகப்பட்டினம் ஆவண மனையின் தூண்களைக் கடல் தொட்டுவிட்டுப் போகும். கரை ஊருக்குள் வந்து முப்பது வருடமாகிறது; இப்போது யாரும் அதற்காக அலட்டிக்கொள்வதில்லை. நீலாயதாட்சி ஜன்னலோரம் உட்கார்ந்து வெற்று மேசையில் பத்து விரல்களையும் வைத்துத் தட்டுவாள். எதிரே காற்றில் எழுத்துகள் மிதந்து எழும்.

விசைப்பலகை என்ற பொருள் எப்போதோ ஒழிந்துவிட்டது. விசைகள் விரல்களுக்குள்ளேயே குடியேறிவிட்டன. மேசையோ, தொடையோ, தயிர்ப் பாத்திரத்தின் மூடியோ, எதில் தட்டினாலும் எழுத்து வரும். எந்த விரலுக்கு எந்த வேலை என்று யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. 'ஓலை' என்ற உரைத்திருத்தியின் விசை அமைப்பு ஆவணத்தில் இருப்பதைத் துயில்பாடம் உறக்கத்திலேயே கைகளுக்கு ஊட்டிவிடும். ஆவணத்தில் சேர்த்தது விடிந்ததும் கைக்குத் தெரிந்திருக்கும், நீக்கியது மறந்திருக்கும். நாற்பது லட்சம் பேரின் கைகளுக்கு அந்த ஒரே ஆவணம்தான் வேதவாக்கு. அதில் செட்டிங்ஸ் பகுதியை அப்டேட் செய்வது நீலாவின் வேலை. பதினெட்டு வருடத்தில் ஒரு பிழை கிடையாது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அன்று காலை இருநூறு புகார்கள் வந்து காத்திருந்தன.

தலைமைத் தொகுப்பாளர் ஷாகுல் ஹமீது சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். "நீலா, சுருக்கு விசைப் பக்கத்த நேத்து நீங்கதானே மாத்துனீங்க?"

"ஆமா சார். ரெண்டு கட்டைவிரலையும் சேத்துத் தட்டினா, நாம வச்சிருக்கிற வாக்கியம் அப்படியே வந்து விழும். புது வசதியாச்சே, அதான் ஒரு எடுத்துக்காட்டும் போட்டேன்."

"வேலி போட்டீங்களா?"

எடுத்துக்காட்டுக்கு முன்னால் ஒரு கோடு, பின்னால் ஒரு கோடு. அதற்குள் இருப்பதைத் துயில்பாடம் தொடாது. அதைத்தான் அவர்கள் வேலி என்பார்கள். நீலா பக்கத்தைத் திறந்து பார்த்தாள். முன்கோடு இருந்தது. பின்கோட்டைக் காணோம். மூடாத வேலி துயில்பாடத்துக்கு வேலியே இல்லை.

கட்டைவிரல்கள் சும்மா இருக்குமா? விடிந்ததிலிருந்து நாற்பது லட்சம் பேரும் அவளுடைய மாதிரி வாக்கியத்தைத் தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு நீதிபதியின் தீர்ப்புக்கு நடுவே அது வந்திருந்தது. கல்யாணப் பத்திரிகையிலும் வானிலை அறிவிப்பிலும் வந்திருந்தது.

'அக்கா, தப்பு என்னுது. வரட்டுமா?'

"கூடப் பொறந்தவங்களே இல்லாதவங்கல்லாம் அக்காகிட்ட மன்னிப்புக் கேக்குறாங்க. எங்கேர்ந்து புடிச்சீங்க இந்த வாக்கியத்த?" என்றார் ஹமீது.

நீலா அந்தப் பக்கத்தைச் சட்டென்று மூடினாள். கை சும்மா இருக்கும்போதெல்லாம் ஆறு வருடமாக அவள் எழுதி எழுதி அழிக்கிற வாக்கியம் அது. அக்கா புனிதவதி காரைக்காலில் இருக்கிறாள். அத்தான் இறந்தபோது, அழுத கண்ணோடு தானே ஒரு இரங்கல் அறிவிப்பு எழுதி, 'பாத்துச் சொல்லு' என்று தங்கைக்கு அனுப்பினாள். நீலா அதைப் பதினோரு திருத்தங்களோடு திருப்பி அனுப்பினாள். கூட ஒரு ஆறுதல் சொல் இல்லை. பதினொன்றும் சரியான திருத்தங்கள்தான், அவள்தான் தப்பு. அன்றோடு பேச்சு நின்றது. படகில் ஒரு மணி நேரத் தூரத்தை ஆறு வருடமாக அவளால் கடக்க முடியவில்லை.

மத்தியானம் இன்னொரு புகார் வந்தது. முறையான படிவத்தில், தேதியெல்லாம் போட்டு.

'பயனர்: புனிதவதி, காரைக்கால். இன்று காலை என் கையில் ஒரு வாக்கியம் வந்தது. இது எடுத்துக்காட்டா, நடப்பா? ஆவணத்தில் தெளிவில்லை. விளக்கவும்.'

நீலா மூன்று முறை படித்தாள். திருத்துவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

பதில் கட்டத்தில் இரண்டில் ஒன்றைத்தான் குறிக்கலாம். 'நடப்பு', அதாவது அமலில் உள்ள விசை, என்றால் அவள் வீட்டுச் சண்டை நாற்பது லட்சம் கைகளில் நிலைத்துவிடும். 'எடுத்துக்காட்டு' என்றால் நாளைக் காலை எல்லாக் கைகளும் அதை மறக்கும். அவள் கையும் அக்கா கையும்கூட. அதைவிட மோசம், அது வெறும் மாதிரிதான் என்று தங்கையே அக்காவுக்குச் சொன்னதாக ஆகிவிடும்.

"சார், ஒருத்தருக்கு மட்டும் நடப்புன்னு வைக்க முடியாதா?"

"ஆவணம் ஊருக்கெல்லாம் பொது. ஒருத்தருக்கு மட்டும்னா நேர்ல போய்ச் சொன்னாத்தான் உண்டு. பொழுது சாயறதுக்குள்ள முடிங்கம்மா."

நீலா பின்கோட்டைப் போட்டு வேலியை மூடினாள். 'எடுத்துக்காட்டு' என்று குறித்தாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினாள்.

ஐந்து மணிப் படகு பழைய நெடுஞ்சாலைக்கு மேலே மெதுவாக நகர்ந்தது. தண்ணீருக்கடியில் மைல்கற்கள் மங்கலாகத் தெரிந்தன. பயணிகள் மடியில் கையை வைத்தபடி கண்ணயர்ந்திருந்தார்கள். தூக்கக் கலக்கத்தில் ஒருவருடைய கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தொட்டன. 'அக்கா' என்று எழுந்த எழுத்து கடற்காற்றில் கலைந்தது. கொஞ்ச நேரத்தில் வேறொரு மடியிலிருந்து எழுந்தது. இன்று மட்டும்தான் என்று நீலா நினைத்துக்கொண்டாள். நாளைக்கு இந்த மடிகளெல்லாம் அமைதியாகிவிடும்.

அக்காதான் கதவைத் திறந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. அவள் பின்னால், கூடத்தில், பதில் இன்னும் மிதந்துகொண்டிருந்தது.

"எடுத்துக்காட்டுன்னு பதில் வந்துச்சு," என்றாள்.

நீலாவின் கட்டைவிரல்கள் தாமாகவே ஒன்றையொன்று தேடின. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அதை வாயால் சொன்னாள்.

"அக்கா, தப்பு என்னுது. வரட்டுமா?"

புனிதவதி கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் அனுப்புன படிவத்துல தப்பு ஏதும் இருந்துச்சாடி?"

"இல்லக்கா. ஒண்ணுகூட இல்ல."

"பதினோரு தடவ அழிச்சு அழிச்சு எழுதுனேன்," என்று சொல்லிவிட்டு, உடைந்து அழுதபடியே அக்கா வழிவிட்டாள்.