ரோலர் பக்கத்துப் பச்சைக் கட்டம்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 9, வெள்ளிக்கிழமை பிற்பகல், அருமனைக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில், தோட்டத்தின் சொந்தக்காரர் யோவான் மரத்தில் பால்வெட்டும் கத்தியால் வெட்டிக் கொல்லப்பட்டார். உடல் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் மிஷினுக்குப் பின்னால் கிடந்தது. உலர்த்திய ஷீட்டுகளில் ஒரு கட்டு காணாமல் போயிருந்தது. கொன்றவன் பிடிபடவில்லை.

வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி, குடும்பக் கல்லறையிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். தோட்டத்தில் பால்வெட்டும் கபிரியேல்தான் குழிக்குள் இறங்கி மண்ணைச் சமன் செய்தான். ஜெபம் முடிந்து எல்லோரும் போனபிறகு அந்த வீட்டில் அவர் மனைவி நேசபாய் மட்டும் இருந்தாள். ஒரே மகன் ஜெபிஷ் தோஹாவில் வேலை. விடுப்பு தீர்ந்து திரும்பும்போது அம்மாவைக் கூடவே கூப்பிட்டுப் பார்த்தான். அவள் கல்லறைப் பக்கம் கை காட்டினாள். கொன்றவன் திரும்பி வந்தால் அவளைக் காக்க யாருமில்லை. அந்த நினைப்பில் ஜெபிஷுக்குத் தூக்கம் போயிற்று. கேமரா வைப்பதென்று முடிவு செய்தான்.

எந்தக் கம்பெனி என்பதில்தான் இழுபறி. தோஹாவில் கூட இருப்பவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில், மார்த்தாண்டத்தில் கேமராக் கடை வைத்திருக்கும் ஜெப்சன் ஒரு வழி சொன்னான். இரண்டு கம்பெனிக் கேமராவையும் ஒரே சுவரில் வைத்துப் பார்ப்பது. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தருவது. ஒன்று வெள்ளை, உருண்டையாக இருந்தது. மனிதரைக் கண்டால் அவரைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டு ஃபோனுக்குச் செய்தி அனுப்பும். நாய்க்கும் மரக்கிளைக்கும் அனுப்பாது. மற்றது கருப்பு. அதற்கு அந்த வித்தை தெரியாது. ஆனால் படம் கண்ணாடிபோலத் தெளிவு. இரண்டையும் வீட்டின் பின்சுவரில், ஷீட் காயும் கொடிகளும் ரோலரும் தெரியும்படி மாட்டிவிட்டுப் போனான்.

மறுநாளே வெள்ளை செய்தி அனுப்பத் தொடங்கியது.

மனித நடமாட்டம். பின்முற்றம்.

ஜெபிஷ் தோஹாவிலிருந்து பதறிக் கூப்பிட்டான். நேசபாய் பின்கதவைத் திறந்து பார்த்தாள். யாருமில்லை. கொடியில் அன்று அடித்த ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கி நீர் சொட்டிக்கொண்டிருந்தன. பாலை உறைய வைக்கும் ஆசிட்டின் புளித்த நெடி முற்றமெங்கும் இருந்தது. ஃபோனில் பார்த்தால், ஷீட்டுகளுக்கு நடுவே ஒரு பச்சைக் கட்டம்.

ஜெப்சன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மாமி, இது நம்ம ஷீட்டு. வெளுத்துப்போயி, தண்ணி சொட்டிக்கிட்டு, ஆளு நிக்கிற மாதிரில்லா தொங்குது. இத உண்டாக்கினவனுக்கு ரப்பரு தெரியுமா, வெள்ளப்பம் தெரியுமா?"

நேசபாயும் சிரித்தாள். யோவான் போனபிறகு அவள் சிரித்தது அன்றுதான். கொடி இருக்கும் பகுதியை மட்டும் பார்க்க வேண்டாமென்று ஜெப்சன் கேமராவுக்குச் சொல்லிவைத்தான். அது வேலை செய்தது. கொடியில் கட்டம் வரவில்லை.

ரோலர் பக்கம் வந்தது.

அப்போது மழை பிடித்திருந்தது. ஷீட்டுகளை எல்லாம் கபிரியேல் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரைக்குள் கொண்டுபோய்விட்டான். முற்றத்தில் ஈரச் சிமெண்டும் இரும்பு ரோலரும் தவிர எதுவும் இல்லை. கருப்புக் கேமராவின் படத்தில் மழைத்துளி தரையில் தெறிப்பது வரை தெரிந்தது. வெள்ளையின் படத்தில் அதே மழை, அதே ரோலர். அதன் பின்னால் ஆள் உயரத்துக்குப் பச்சைக் கட்டம்.

நேசபாய் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டம் பாதியாகச் சுருங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மறுபடி ஆள் உயரத்துக்கு நீண்டது.

யோவானுக்குப் பீடிப் பழக்கம் உண்டு. சபையில் மூப்பராக இருந்தவர் என்பதால் ஊருக்குத் தெரியாமல், மனைவிக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில், ரோலருக்குப் பின்னால் குந்தியிருந்து இழுப்பார். குந்துவார், இழுப்பார், எழுந்து வாயைக் கழுவுவார். நேசபாய்க்கு அது கல்யாணமான வருடத்திலிருந்தே தெரியும்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பின் கபிரியேல் முற்றத்துக்கு வரும்போதெல்லாம் இரண்டு கட்டங்கள் வந்தன. ஒன்று அவன்மேல். மற்றது அவன் முதுகை ஒட்டி. அவன் பால் உறைய வைக்கும் தட்டைக் கழுவக் குனிந்தால் அதுவும் குனிந்தது. அவன் திரும்பினால் அதுவும் சுற்றிப் பின்னால் போயிற்று. ஒருநாள் அவன் வேலையை நிறுத்தி, கழுத்தைத் துடைத்து, துடைத்த கையை முகர்ந்து பார்த்தான். அன்று மாலை அவளிடம் வந்து, தோட்டத்துக்குள் யாராவது பீடி பிடிக்கிறார்களா என்று கேட்டான். தெரியாது என்றாள்.

"வெள்ள சரியில்லம்மா," என்றான் ஜெபிஷ் ஃபோனில். "ஒரு ஆளுக்கு ரெண்டு கட்டம் போடுது. கள்ளன் வரும்போ எவன் நம்புவான்? கருப்பு போதும். சனிக்கிழம ஜெப்சன வந்து வெள்ளயக் கழத்தச் சொல்லுகேன்."

"கொஞ்சம் பொறு மக்கா," என்றாள் நேசபாய்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மழை விட்டிருந்தது. கபிரியேல் தட்டுகளில் உறைந்த பாலை எடுத்து ரோலரில் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றுவான். மறு கையால் வெள்ளைப் பலகைபோன்ற பாலை இரண்டு உருளைகளுக்கும் நடுவே தள்ளுவான். நேசபாய் அடுக்களையில் ஃபோனைப் பார்த்தபடி மரச்சீனிக் கிழங்கு அரிந்துகொண்டிருந்தாள்.

இரண்டு கட்டங்களும் ஒன்றாயின.

பின்முற்றத்தில் அவன் அலறினான்.

அவள் ஓடினாள். கபிரியேலின் வலது கை மணிக்கட்டு வரை உருளைகளுக்குள் போயிருந்தது. அவன் இடது கை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கைப்பிடியை யாரும் பிடித்திருக்கவில்லை. அது சுற்றிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், ஒரே சீராக, வேலை தெரிந்தவர் சுற்றுவதுபோல.

எலும்பு உடையும் சத்தம் பச்சை விறகு முறிவதுபோல் வந்தது. பால் சிவந்து நுரைத்துத் தட்டில் விழுந்தது.

"மைனி, பொறத்தால திருப்பு. பொறத்தால."

அவள் கைப்பிடியைப் பிடித்தாள். இரும்பு சில்லென்றிருந்தது. இன்னொரு கையின்மேல் தன் கையை வைத்ததுபோல் அவளுக்குத் தோன்றியது. கைப்பிடி நின்றது.

பீடி வாசம் வந்தது.

கபிரியேல் அவளைப் பார்க்கவில்லை. ரோலரின் மறுபக்கத்தைப் பார்த்தான். முகத்தில் இரத்தமே இல்லை.

"அண்ணே," என்றான் மெதுவாக. "ஷீட்ட எடுத்தத நீரு ஊருல பறஞ்சிருவேருன்னு பயந்துல்லா வெட்டினேன். போதும் அண்ணே. விட்டிரும்."

நேசபாய் அவனைப் பார்த்தாள். அவருடைய கழுத்தை, உடல் குளிப்பாட்டும்போது தலை தனியே சாய்ந்துவிடாமல் தான் துணி சுற்றிக் கட்டியதை நினைத்தாள்.

"அவரும் போதும்ன்னு சொன்னாரா லே?"



அவள் கையை எடுத்தாள்.

கைப்பிடி சுற்றியது.

முழங்கை போயிற்று. சதை கிழிந்து உருளையின் இருபுறமும் வழிந்தது. தோள் இரும்பில் முட்டியதும் உருளைகள் அவன் முகத்தைப் பிடித்தன. அலறல் பாதியில் நசுங்கியது. அலறல் கேட்டுச் சாலையிலிருந்து ஓடி வந்த பக்கத்துத் தோட்டத்து ரசலையனும் வேறு இரண்டு பேரும் சேர்ந்து கைப்பிடியைத் திருப்பப் பார்த்தார்கள். அசையவில்லை. தீயணைப்புப் படையினர் வந்து இரும்பை வெட்டித்தான் அவனை எடுத்தார்கள். அப்போது உயிர் இல்லை.

போலீசார் இரண்டு கேமராக்களின் பதிவையும் கேட்டு வாங்கினார்கள். கருப்பின் பதிவில் எல்லாம் தெளிவாக இருந்தது: கபிரியேல், நேசபாய், அவள் கையை எடுப்பது, அதன்பின் தானாகச் சுற்றும் கைப்பிடி. அதைப் பார்த்த இன்ஸ்பெக்டர் மறுபடியும் போடச் சொன்னார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். வெள்ளையின் பதிவில், கபிரியேல்மேல் இருந்த கட்டம் சட்டென்று மறைந்துவிட்டது. மற்றது மட்டும் ரோலரை விட்டு நகர்ந்து நேசபாயின் அருகே வந்து நின்றது. அந்தப் பகுதியை அவர் பாதியில் நிறுத்தச் சொன்னார். விபத்து என்று வழக்கு முடிக்கப்பட்டது.

ஜெப்சன் ஏணியோடு வந்தபோது முகம் கொடுத்துப் பேசவில்லை. எதைக் கழற்றுவது என்று மட்டும் கேட்டான்.

"கருப்ப எடுத்துட்டுப் போ," என்றாள் நேசபாய். "வெள்ளயில இன்னொண்ணு கொண்டா. வீட்டுக்குள்ள வைக்கணும்."

ஜெபிஷ் மறுக்கவில்லை. முற்றத்திலிருந்து வரும் செய்திகளின் ஒலியை மட்டும் தன் ஃபோனில் நிறுத்திவைத்தான். வேறு பால்வெட்டுக்காரர்கள் யாரும் அந்தத் தோட்டத்துக்கு வரவில்லை. மரங்கள் வெட்டுப்படாமல் நிற்கின்றன. நேசபாய் பின்கதவைத் தாழிடுவதில்லை. ரோலர் இருந்த இடத்தில் இப்போது தினமும் இரண்டு கட்டங்கள் வருகின்றன. ஒன்று நின்றபடி இருக்கிறது. மற்றது தரையோடு தரையாக இழுபடுகிறது.