வெட்டிய பத்தி

கூடத்து நாற்காலி மேசையை விட்டு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. சற்று முன்புதான் அதை உள்ளே தள்ளிவிட்டு பத்திரிகை ஆசிரியை தேநீர் போடச் சமையலறைக்குப் போயிருந்தாள். மகள் இழுத்துப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் மகளோ ஜன்னலோரம் தரையில் குப்புறப் படுத்து, காலையில் அச்சகத்திலிருந்து வந்து இறங்கிய புது இதழில் மூழ்கிக் கிடந்தாள்.

வினோதக் கதைகளுக்கென்றே ஆசிரியை நடத்தும் சின்னப் பத்திரிகை அது. வீடுதான் அலுவலகம். பேய், வேற்றுக்கிரகம், காலம் தாண்டிப் போகிறவர்கள் என்று எதை எழுதி அனுப்பினாலும் வாங்கிக்கொள்வாள். கடைசிப் பத்தியை மட்டும் படிக்காமலே வெட்டிவிடுவாள். எப்பேர்ப்பட்ட எழுத்தாளரும் அந்த இடத்தில்தான் கதையை விட்டுவிட்டு வியாக்கியானத்தில் இறங்குவார் என்பது அவள் கட்சி. அச்சகக்காரர் அவளுக்கு வால்வெட்டி என்று பெயர் வைத்திருந்தார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஈர மண் வாடை வந்தது. வெளியே மழை இல்லை. வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்த மாதிரி, அந்த வாடை நாற்காலிப் பக்கமிருந்து கிளம்பி, தரையோடு தரையாக நகர்ந்து, அவள் கையிலிருந்த தேநீரின் மணத்தையும் விழுங்கிக்கொண்டு மெல்லக் கூடம் முழுக்கப் பரவியது. இதை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது. இதழின் முதல் கதை. ஈர மண் வாடையோடு ஒருவன் வீட்டுக்குள் வருகிறான். யார் கண்ணுக்கும் படாமல் நாற்காலியில் உட்காருகிறான். அந்த வீட்டுச் சிறுமி அவன் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போகிறாள், நிலைப்படியைத் தாண்டக் காலைத் தூக்குகிறாள். அதற்கு மேல் ஆசிரியை படிக்கவில்லை.

கைபேசி அடித்தது. சமையலறைக்குப் போய் எடுத்தாள். அந்தக் கதையை எழுதியவர்தான். சாந்தமான குரல். இதழ் கிடைத்தது, அச்சு நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு, வீட்டில் பெண் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார்.

"ஏன் கேக்கறீங்க?"

"கடைசிப் பத்தியக் காணோம்."

அது தன் வழக்கம் என்று அவள் சொல்லவில்லை. அதில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டாள்.

"நீங்க படிக்கவே இல்லையா?" என்றார் அவர். "அந்தப் பொண்ணு திரும்பி வருவா. அவ்வளவுதான் இருந்துச்சு. அதுக்காகத்தான் மத்ததையே எழுதினேன்."

கூடத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. பாரம் எழுந்த சத்தம்.

ஓடி வந்தாள். ஜன்னலோரம் இதழ் மட்டும் விரிந்து கிடந்தது. வாசல் கதவு திறந்திருந்தது.

மகள் நிலைப்படியில் நின்றாள். நெட்டையான ஒருவரின் கையைப் பிடித்திருப்பதுபோல வலது கை தலைக்கு மேல் உயர்ந்திருந்தது. ஒரு கால் வெளியே. அந்தரத்தில். அச்சான கதை அங்கேதான் நின்றது.

கூப்பிட்டாள். திரும்பவில்லை. இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. இமை அடிக்கவில்லை. மூச்சு இல்லை. உடம்பு மட்டும் சூடாக இருந்தது.

"அவ திரும்பி வந்துட்டா," என்றாள், எதிரே இருந்த வெறுமையைப் பார்த்து. "உள்ள வந்துட்டா. கதவச் சாத்திட்டா." மறுபடி சொன்னாள். மறுபடி. ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பத்தி எப்படி ஆரம்பித்தது என்றுகூட அவளுக்குத் தெரியாது. படிக்காமல் வெட்டிய தன் கையை அவள் வெறுத்தாள்.

மகளின் விரல்கள் ரத்தம் நின்று வெளுத்திருந்தன. பிறகு அவை ஒவ்வொன்றாக அமுங்கின. வெளியே நின்ற ஒன்று, பிடியைச் சரிசெய்துகொண்டது.